எனக்கு சிடாதான்

– அந்த நாற்காலிய ஏன் தொடைக்கிறே, சாலிஹா? நான் இன்னும் வாசல்கூடத் தாண்டல.

– வழக்கமாத் தொடைக்கிறதுதான், நாச்சியா லாத்தா. நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. இது வார்டு சுகாதார நிலையம். இதுக்கெல்லாம் இங்க வசதி இல்ல.

– எதுக்கெல்லாம்? உள்ளங்கை கிழிஞ்சிருக்கு. கழுவி, மருந்து வச்சுக் கட்டணும். அதுக்கே வசதி இல்லேன்னா நர்சுன்னு நீ எதுக்கு இங்க இருக்கே?

– கோவப்படாதீங்க.

– படாம? எனக்கு முன்னாடி வந்த பெரியவருக்கு முழங்கால்ல கட்டுப் போட்டே. ஒரே கையுறைதான். சிரிச்சுப் பேசி அனுப்பிச்சே. எனக்கு மட்டும் உறைக்கு மேல உறை. கைய நீட்டுனா செவுத்தோட போய் ஒட்டிக்கிறே. ரத்தம் சொட்டுது, வேடிக்கை பாக்குறே.

– நீங்கதானே லாத்தா சொன்னீங்க.

– என்ன சொன்னேன்?

– எனக்கு இருவது வருசமா சிடாதான்னு.

– ஆமா. என்ன பண்றீங்கன்னு கேட்டே, சொன்னேன்.

– என்ன பண்ணுதுன்னு கேட்டேன். ஒடம்புக்கு.

– அட அல்லாவே. புள்ள, பென்-தான் சந்தைக்குப் பின்னால பழந்துணிக் கடை வச்சிருக்கேன். மூட்டைய இழுக்குறப்பக் கொக்கி ஏறிருச்சு. இந்த சைகோன்ல பழந்துணிக்கு என்ன பேரு, சொல்லு.

– சிடா துணி.

– அந்த சிடாவத்தான் சொன்னேன். வியட்நாம்காரியா இருந்தா வெலை கேட்டிருப்பா. சட்டையில ஒம் பேரப் பாத்துட்டு, நம்ம புள்ளயாச்சேன்னு தமிழ்ல வாயத் தொறந்தேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்.

– எங்க வூட்டுல வாப்பா எய்ட்ஸ் நோயத்தான் சிடாம்பாங்க. பிரெஞ்சுப் பேரு. தமிழ்ல கேட்டதும் அதுதான் நெனப்பு வந்துச்சு. மன்னிச்சிருங்க.

– சரி, நோயின்னே நெனச்சே. நோய்க்காரிக்குக் கை கிழிஞ்சா கட்டக் கூடாதுன்னு எவ சொல்லிக் குடுத்தா?

– யாரும் சொல்லல. பயிற்சிக்குப் போனேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், ஒரு உறை போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பரீட்சையில நான்தான் மொத மார்க்கு. ஆளு எதிர்ல வந்து ஒக்காந்தா கை முன்னால வர மாட்டேங்குது, லாத்தா.

– ஏட்டுச் சுரைக்காய்க்கு மொத மார்க்கு.

– திட்டிக்கிங்க. கையக் குடுங்க. பாருங்க, மேல் உறையக் கழட்டிட்டேன். நல்லவேளை, வெறும் பழந்துணி. எனக்கு உசுரே போயிருச்சு.

– மெல்ல. எரியுது.

– கழுவுனா அப்படித்தான் இருக்கும். இப்ப என் கை முன்னால வந்திருச்சுல்ல?

– வந்திருச்சு. நல்லாத்தான் வேல செய்றே. இந்தக் கை மொதல்லயே வந்திருக்கலாம்.

– ஆழமா இல்ல, தையல் வேணாம். இந்த உறைய எறிஞ்சிட்டு வேற மாட்டிக்கிட்டுக் கட்டுப் போடுறேன். நாளைக்கு வாங்க, பிரிச்சுப் பாக்கணும்.

– நாளைக்கு மட்டுமில்ல, இனி மாசாமாசம் வரணும். என் மாத்திரைய இனிமே இந்த வார்டுலயே வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. இங்க எந்த மாதிரி ஆளு இருக்குமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.

– என்ன மாத்திரை, லாத்தா?

– ஒங்க வாப்பா சொல்ற சிடாவுக்கு. கட்டு இன்னும் பாக்கி இருக்கு, சாலிஹா. இப்ப எத்தன உறை எடுக்கப் போறே?