வடகிழக்கு மூலையில் ஒரு வரிசை

எனக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது. அது வேகிற வாசனை வந்தாலே மாடிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன்தான் பத்தொன்பது வருஷம் முட்டைக்கோஸ், பூக்கோஸ், ப்ரோக்கோலி என்று அந்த மொத்தக் குடும்பத்தோடும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். விசாரணைக்கு எழுதிக்கொள்ள வேண்டும், நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள், நிதானமாகவே சொல்கிறேன். தேநீருக்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி.

செடிகளுக்கு நோய் கொடுப்பது என் வேலை. காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். தட்டுகளில் நாற்று நாலு இலை விட்டதும், இலைப்புள்ளி நோய் உண்டாக்கும் பூஞ்சையைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பேன். இரண்டு நாள் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரமாக மூடி வைப்பேன். பத்தாம் நாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மார்க் போடுவேன். இலை சுத்தமாக இருந்தால் சைபர். கறுப்பு வட்டங்கள் பரவி இலையே கருகியிருந்தால் ஒன்பது. சைபர் வாங்கினவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற பரீட்சை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பிழைத்த செடியிலிருந்து புது ரகம் உண்டாக்குவது எங்கள் விஞ்ஞானி டாக்டரம்மாவின் பொறுப்பு. அவர் படித்தவர், நான் தெளிப்பவன்.

சிக்கல் பூஞ்சையால் வந்தது. கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி வளர்த்தால் உட்கார்ந்த இடத்திலேயே அதற்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. நாளாக நாளாக வேலைக்கு உடம்பு வணங்காது. நோஞ்சான் செடிகூட அதனிடம் பாஸாகிவிடும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதுதான் நடந்தது. இங்கே சைபர் வாங்கிய ரகம் வயலுக்குப் போய் முதல் பனி ஈரத்திலேயே புள்ளி விழுந்து கருகியது.

"அண்ணே, உங்க பூஞ்சைக்குப் பல்லே இல்ல," என்றார் டாக்டரம்மா, எல்லோர் முன்னாலும். "நோய் வந்த வயலாப் பார்த்து இலை பறிச்சிட்டு வாங்க. அதுலேருந்து புதுசா எடுத்து வளர்ப்போம்."

நியாயமான பேச்சு. ஆனால் அந்த வருஷம் நல்ல வெயில். எந்த வயலிலும் பேருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. ஊரே ஆரோக்கியமாக இருந்தால் என்னைப் போன்றவன் எங்கே போவான்?

என் மனைவியின் தம்பி அரை மணி நேரப் பஸ் தூரத்தில் முட்டைக்கோஸ் போட்டிருந்தான். அவன் வயலில் தெளிப்புக் குழாய் உண்டு. சாயங்காலம் திறந்துவிட்டால் இலை விடிகிறவரை நனைந்தே இருக்கும். பூஞ்சைக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்ததும், கைப்பையிலிருந்த பூஞ்சைத் தெளிப்பானை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனேன். ஒரே ஒரு வரிசை. நான் பேராசைக்காரன் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அந்த வரிசையில் அருமையான புள்ளிகள். பறித்து வந்து, அதிலிருந்து பூஞ்சையைப் பிரித்து வளர்த்தேன். வயல் செடியில் உழைத்துச் சாப்பிட்டதில், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. டாக்டரம்மா வாயாரப் பாராட்டினார். அவருக்கு வேறெதுவும் தெரியாது. அதை அழுத்தமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வரிசை ஒரு வரிசையாகவே நிற்கவில்லை என்பது உண்மை. காற்று அடிப்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. ஒரு வருஷத்துக்குள் பூஞ்சை மறுபடி சோம்பேறியாகிவிடுவதால், ஒவ்வொரு வருஷமும் போக வேண்டியிருந்தது.

"அதே மூலையிலதான் மாமா தொடங்குது," என்பான் மச்சினன். "மண்ணுல என்னவோ இருக்கு."

மூன்றாம் வருஷம் அந்த மூலையை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி மண்ணை மாற்றினான். நானும் கூடை சுமந்தேன். இரண்டு நாள் இடுப்பு வலி. நோய் வந்த இலையை வயலில் விடக்கூடாது, பறித்து என்னிடம் கொடு, சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அவனே பறித்து, பையில் கட்டி, பஸ் நிறுத்தம் வரை தூக்கி வந்து கொடுப்பான். "உங்களுக்கு வேற சிரமம் மாமா," என்பான். பயிர்தான் ஒன்றும் தேறவில்லை. அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழாம் வருஷம் நிலத்தை விற்றான்.

அதே வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு செடியில் ஒன்று சைபர் வாங்கியது. அந்தப் பூஞ்சையிடம் சைபர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. டாக்டரம்மாவுக்கு விருது கொடுத்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

வேலையில்லாமல் நின்ற மச்சினனை நான் கைவிடவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லி நிலையத்திலேயே கண்ணாடித் தட்டு கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம், கழுவிய தட்டுகளை அடுக்க என் அறைக்கு வந்தவன் குளிர்பெட்டி முன்னால் நின்றுவிட்டான். பூஞ்சை அடைத்த ஒவ்வொரு குப்பியிலும் சீட்டு ஒட்டியிருக்கும். பொய் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. 'மச்சினன் வயல், வடகிழக்கு மூலை' என்று எழுதி, அதன் கீழே தெளித்த நாள், பறித்த நாள். ஏழு குப்பிகள்.

"தெளிச்ச நாள்னு போட்டிருக்கே, மாமா."

"ஆமா."

"யாரு தெளிச்சது?"

"நான்தான்."

ஏழு சீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தான். "எத்தனையோ வயல் இருக்கே. ஏன் மாமா என்னுது?"

உண்மையைச் சொன்னேன். "உங்க வீட்டுக்குத்தான் நேர் பஸ் இருக்கு."

அவன் கழுவும் தொட்டிக்குத் திரும்பினான். மிச்சமிருந்த பதினாலு தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். வேலையில் சுத்தக்காரன்.

அவன்தான் புகார் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். இப்போது நீங்கள் காட்டிய கடிதத்தில் இருப்பது என் மனைவியின் கையெழுத்து. அவள் எழுதியிருப்பதெல்லாம் சரிதான். ஏழு வருஷமும் நான்தான் தெளித்தேன். தம்பி சீட்டில் படித்துச் சொன்னதில் ஒரு தேதிகூட அவள் தப்பாகப் போடவில்லை. கடைசியில், நான் அவள் பிறந்த வீட்டை மதிக்கவே இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அது மட்டும் அபாண்டம். அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் வெறுங்கையோடு போனதில்லை.