மந்திரி வெட்ட வேண்டிய ரிப்பன்

என் பெயர் மாயக்காள். கணவர் பெயர் சிவனாண்டி. வயது முப்பத்திரண்டு இருக்கும், சரியாகத் தெரியாது. ஆனையூருக்கு மேற்கே செங்கண்மாய்ப்பட்டி கிராமத்தில் குடியிருக்கிறேன். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று எது கிடைத்தாலும் கூலிக்குப் போவேன். எனக்கு மூன்று பிள்ளைகள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதால், நான் சொல்வதை ஸ்டேஷன் ரைட்டர் அப்படியே எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டேதான் சொல்கிறேன். அதில் அவருக்குக் கோபம் இருந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

என் மேல் உள்ள குற்றத்தை முதலில் வாசித்துக் காட்டினார்கள். 17.11.1980 சாயங்காலம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கொசு ஆராய்ச்சிக் கட்டடத்தில், மாண்புமிகு மந்திரி அவர்கள் வெட்டுவதற்காகக் கட்டியிருந்த ரிப்பனை அறுத்ததாகவும், பூட்டை உடைத்ததாகவும், அரசாங்கப் புகை மிஷினை வெளியே எடுத்ததாகவும், கட்சிக் கிளைச் செயலாளர் விருமாண்டியைக் கன்னத்தில் ஒரு அறை அறைந்ததாகவும் அதில் இருந்தது. எல்லாம் நடந்ததுதான். ஒரு அறை என்பது மட்டும் தப்பு, இரண்டு அறைந்தேன். அதைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் துளசிராம் என்று ஒரு அதிகாரி எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கினார். மதுரை சிம்மக்கல் பக்கம் சொந்த வீடு உள்ளவர், சௌராஷ்டிரக்காரர். பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கொட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, மாட்டு வயிற்றில் உட்காரும் கொசுவைப் பிடிப்பார். ஊரே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. பிள்ளைகள் விரலில் அவர் ரத்தம் எடுத்தபோது நான் தெருவில் நின்று கண்டபடி பேசினேன். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. வயலில் தண்ணீர் நிற்கிற மாசத்தில் மூளைக்காய்ச்சல் வரும் என்றும், பன்றியிடமிருந்து கொசு எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது என்றும், எந்தக் கொசு, எந்த மாசம் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் விழுவதற்கு முன்னாலேயே புகை அடித்து நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். அந்த ஆராய்ச்சிக்கு டில்லியிலிருந்து பணம் வருகிறது என்றும், கரண்டு உள்ள ஒரு அறையும் ஐஸ் பெட்டியும் பரிசோதனைச் சாமானும் இருந்தால் போதும் என்றும் கண்மாய்க் கரைப் பக்கம் இடம் தேடினார்.

அதன் பிறகு டில்லிப் பணம் வருகிற சேதி எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. காதுக்கு எட்டியது. அவர் வந்து ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டு, கண்மாய்க் கரையில் கட்டினால் எவன் பார்ப்பான், ரோட்டைப் பார்க்கத்தான் கட்ட வேண்டும், முன்னால் வளைவு வேண்டும், மந்திரி பெயர் போட்ட கல்வெட்டு வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தப் பணம் சோதனை செய்யத்தான், சிமெண்டுக்கு இல்லை என்று துளசிராம் சார் எழுந்து நின்று சொன்னார். கொசுப் பிடிக்கிறவனுக்கு எதற்கப்பா இம்புட்டுப் பணம் என்று எம்.எல்.ஏ. கேட்டதும் கூட்டம் சிரித்தது. கட்டடத்தில் பணம் தீர்ந்த பிறகு சோதனைச் சாமான் ஒன்றும் வரவில்லை, பக்கத்து மாவட்டத்தில் கேட்டு வாங்கிய இரண்டு புகை மிஷினும் மருந்து டிரம்மும் மட்டும் வந்தன.

போன வருஷ மழையில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்ததும், இது மூளைக்காய்ச்சல்தான் என்று துளசிராம் சார் மேலே எழுதிப் போட்டார். இந்தத் தொகுதியில் அப்படி ஒரு காய்ச்சலே இல்லை என்று சட்டசபையில் ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டதாம். சட்டசபையில் இல்லாத காய்ச்சல் ஊரில் எப்படி இருக்கும்? அவரை மலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. போகும்போது என் வீட்டுப் பக்கம் வந்து, பிள்ளைகளை இருட்டுவதற்கு முன் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு இந்த வருஷம் மாசியில் திறப்பு விழா என்று கதவுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். அந்த வாரமே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். தேர்தல் முடிந்து அதே எம்.எல்.ஏ. ஜெயித்து வந்தார், ஆனால் மந்திரி மாறிவிட்டதால் கல்வெட்டைப் பெயர்த்து வேறு கல் வைக்க வேண்டியதாயிற்று. கல் வந்தபோது ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் திறக்கக் கூடாது என்றார்கள். ஆவணியில் மந்திரிக்கு ஒழியவில்லை. ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்குப் பூஜை போட வேண்டுமே, ரிப்பனைத் தாண்டக் கூடாதே என்று, வாட்ச்மேன் மொக்கையன் ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பி வழியாகச் சூடம் காட்டினார். நானும் போய்க் கும்பிட்டேன். உள்ளே இரண்டு மிஷினும் பொட்டு வைக்காமல் நின்றன.

ஐப்பசி மழையில் கொசு அள்ளிக்கொண்டு வந்தது. தீபாவளி முடிந்த வாரத்தில் எங்கள் தெரு இருளாயியின் மகன் காய்ச்சலில் விழுந்து, வெட்டி வெட்டி இழுத்து, டவுன் பஸ் வருவதற்குள் இறந்துபோனான். அவனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு நாங்கள் பெண்கள் எல்லோரும் கட்டடத்துக்குப் போய் மிஷினை எடுத்துப் புகை அடிக்கச் சொன்னோம். மொக்கையன் சாவியை மடியில் முடிந்துகொண்டு அழுதார். அவர் சொன்னது இது:

“நான் என்னத்தா செய்வேன்? ரிப்பன் கட்டியாச்சு. இனி மந்திரி கைபடாம ஒரு குருவி உள்ள போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காக.”

அதன் பிறகு மதுரையில் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். வெயிலில் நிற்க வைத்து, சாப்பிட்டு எழுந்து வந்தார். கார்த்திகை முதல் வாரத்தில் மந்திரி வருகிறார், அதுவரை பொறுங்கள் என்றார். இருளாயி அவர் காலில் விழுந்தாள். என் பிள்ளைதான் போய்விட்டான், மற்ற பிள்ளைகளுக்காவது அடிக்கச் சொல்லுங்கள் என்றாள். அதற்கு அவர் சொன்ன பதிலை அவர் வாயால் சொன்னபடியே எழுத வேண்டும்:

“இந்தா ஆத்தா, சொன்னாப் புரிஞ்சுக்கங்க. மிஷினு புதுசா இருக்கணும். பேப்பர்ல படம் வருதுல்ல? இப்பவே எடுத்துப் புகை அடிச்சுக் கரி பிடிக்க வச்சா, மந்திரி எதைத் தொடங்கி வைப்பாரு?”

இதை எழுத வேண்டாம் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். எழுதாவிட்டால் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். எழுதியிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை என் மூத்த மகள் ராமக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் கழுத்து விறைத்துக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் அவளைத் தூக்கிக்கொண்டு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத வேண்டாம் என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்வதால் விட்டிருக்கிறோம். கட்டில் இல்லை, பாயில் போட்டிருக்கிறார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். இதைச் சோதிக்க வடக்கே அனுப்ப வேண்டும், பதில் வர ஒரு மாசம் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் ஊரிலேயே சோதனைக்குக் கட்டடம் இருக்கிறதே என்று கேட்டேன். அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார். என் மகளுக்குக் கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. அம்மா என்று கூப்பிடவில்லை.

நேற்று, திங்கட்கிழமை, மாற்றுத் துணி எடுக்கவும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்க்கவும் ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. வாழை மரம் கட்டி, மைக் செட்டில் பாட்டு ஓடியது. நாளை மறுநாள் விழா என்றார்கள். தெருவுக்குள் போனால் மேலக்கோடியில் ராசுவின் பிள்ளைக்கும் காய்ச்சல் என்றார்கள். என் வீடு கீழக்கோடியில் இருக்கிறது. சின்னவள் வாசலில் உட்கார்ந்து, கால் முழுக்கத் தடிப்புத் தடிப்பாகச் சொறிந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் எடுக்க வந்த மாற்றுத் துணியை எடுக்கவில்லை. கூரையில் செருகியிருந்த கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ரிப்பனை அறுத்தேன். நல்ல பட்டு ரிப்பன், ஒரே இழுப்பில் அறவில்லை. மொக்கையன் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை, சாவியும் தரவில்லை. பந்தல் குழி தோண்டி எடுத்துப் போட்டிருந்த கல்லால் பூட்டை உடைத்தேன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட மருந்தடிக்கும் ஆள் பேச்சிமுத்துவை நான்தான் கூப்பிட்டேன், அவர் தானாக வரவில்லை, அவரை விட்டுவிட வேண்டும். மிஷினுக்குப் பெட்ரோல் மைக் செட் ஜெனரேட்டரிலிருந்து கிடைத்தது. கொடுத்தவர் பெயரை நான் சொல்ல மாட்டேன், அடித்தாலும் சொல்ல மாட்டேன்.

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று பேச்சிமுத்து கேட்டார். ராசு பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறது, பிள்ளையை இழந்த இருளாயி வீடும் அங்கேதான் என்பதால் மேலக்கோடியிலிருந்து வரச் சொன்னேன். புகை நன்றாக வந்தது. மேல் பாதி வீடுகள் முடிந்து, தெரு நடுவில் உள்ள குழாயடிக்கு வந்தபோது விருமாண்டியும் இன்னும் சில பேரும் ஓடி வந்து மிஷினைப் பிடுங்கினார்கள். பேச்சிமுத்துவைக் கீழே தள்ளினார்கள். இன்னும் பாதித் தெருதான் அண்ணே, அடித்துவிட்டு நானே துடைத்துத் தருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். விருமாண்டி மண்ணெண்ணெய்த் துணியால் மிஷினில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “ஒம் மகதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சுல்ல, இனி ஒனக்கு எதுக்குப் புகை?” என்று கேட்டார். அப்போதுதான் அறைந்தேன். அவர் காது கேட்கவில்லை என்று சொல்லி என் மகள் இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருக்குப் போனதும் கட்டில் கொடுத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு போலீஸ் வந்து என்னைக் கூட்டி வந்தார்கள். மிஷினை உள்ளே வைத்து, வேறு பூட்டுப் போட்டு, வேறு ரிப்பன் கட்டிவிட்டதாகச் சப் இன்ஸ்பெக்டரே சொன்னார். நாளை மந்திரி வருகிறார், அதற்குள் இதை முடிக்க வேண்டும், மகளுக்கு உடம்பு சரியில்லாத கலக்கத்தில் இன்னதென்று தெரியாமல் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று எழுதினால் இப்போதே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். நல்ல மனசில்தான் சொன்னார், அதையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் தெரியாமல் செய்யவில்லை. அது மந்திரி வெட்டுவதற்குக் கட்டிய ரிப்பன் என்று தெரிந்துதான் அறுத்தேன்.

வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்று உண்டு. மேலக்கோடியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். என் சின்னப் பிள்ளைகள் இரண்டும் கீழக்கோடியில், புகை வராத வீட்டில், நேற்று ராத்திரி படுத்தன. இன்றைக்கு என்னை விட்டால் இன்றைக்கே போய் அந்த ரிப்பனையும் அறுப்பேன். இந்தத் தடவை என் வீட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.

நான் சொன்னதை ரைட்டர் எழுதி, முதலிலிருந்து கடைசி வரை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொல்லாதது எதுவும் இதில் இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, ஆசை காட்டியதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

(ஒப்பம்) சி. மாயக்காள்
18.11.1980