பேசினுக்கு அடியில் தலைவர்

— வாளிய அடியில வெச்சு ஒப்பேத்திடலாம்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா, அந்த வாளியத் தூக்கி உங்க தலையிலயே கவுத்துடுவேன். ஆமா.

— அட, கோவப்படாத புள்ள. கொஞ்ச நேரக் கதை. மேலத்தெரு அகிலாண்டத்தம்மா வருவாங்க, சாப்பிடுவாங்க, பாத்ரூம் பேசின்ல கைகழுவுவாங்க, போயிடுவாங்க. அதுவரைக்கும் நான் கீழ குந்திக்கிட்டு ஒடைஞ்ச பைப்புக்கு வாளியப் புடிச்சுக்கிறேன். தரையில சொட்டு விழாது.

— என்னது?

— இல்ல, சும்மா சொன்னேன்.

— அவங்க கைகழுவுற எச்சத்தண்ணிய நீங்க குந்தித் தாங்குவீங்க. அதுவும் நம்ம வீட்டுல. எங்க ஆத்தா காத்தாயி காலம் பூரா அவங்க வீட்டுக் கொல்லையில, எச்சத்தண்ணி ஊத்துற எடத்துல நின்னுதான் கஞ்சி வாங்குச்சு. அந்த வீட்டு வாசப்படி எப்படி இருக்கும்னு தெரியாமலே செத்துச்சு. நான் இந்த ஊருப் பஞ்சாயத்துத் தலைவரு. என் புருஷன் சாமிதுரை பேசினுக்கு அடியில குந்துவாரா? அதெல்லாம் செல்லாது.

— கவர்மெண்டு நம்ம தெருப் பொம்பளைக்குன்னு சீட்டை ஒதுக்குனாலும் ஒதுக்குச்சு, வீட்டுல எனக்கு வாயைத் தொறக்க எடம் இல்ல. சரிங்க தலைவரம்மா. கொல்லைத் தொட்டியில கழுவச் சொல்லுங்க.

— கொல்லைப்பக்கம் போனா பேச்சே எடுக்காம அப்படியே நடையைக் கட்டிடுவாங்க. இல்லேன்னா, பைப்பு வேற ஒடைஞ்சு கெடக்கு, சாப்பாட்டை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்பாங்க. அவங்களுக்கு ஒரு சாக்குதான் வேணும். சாப்பிடாமப் போனா நம்ம தெருவுக்குக் கேக்கப்போற ரோடு போச்சு. கைநனைச்ச வீட்டுல இல்லேன்னு சொல்லிட்டுப் போற பழக்கம் அவங்க குடும்பத்துல கெடையாது. அதுக்குத்தானே, பேச்சை ஆபீஸ்ல வேணாம், என் வீட்டுல வெச்சுக்கலாம்னு ஒத்தக்கால்ல நின்னேன்.

— எனக்குத் தெரியாதா புள்ள? போன ஐப்பசியில நம்ம தெரு மருதையன் பாடையத் தூக்கிக்கிட்டு, வேற பாதை இல்லாம அவங்க வயச் சேத்துல போனவன் நான். முட்டிக்கால் வரைக்கும் பொதைஞ்சு, வழுக்கி விழுந்து, பொணம் கீழ விழாம இருந்ததே பெரும்பாடாப் போச்சு. வயலோரமா ஒரு கீத்து நெலம் குடுத்தாங்கன்னா நம்ம தெருவே அவங்களைக் கும்பிடும்.

— அப்பக் கும்பிடுறதை அப்புறம் பாத்துக்கலாம். பைப்புக்கு வழி சொல்லுங்க. ஒடைச்சது யாரு?

— அடைச்சிருந்துச்சேன்னு கம்பியால லேசாக் குத்துனேன்.

— கரும்புக்குக் குழி எடுக்கிற மாதிரி குத்துனா பிளாஸ்டிக் தாங்குமா? கீழ இருக்கிற வளைவு ரெண்டாப் பொளந்து கெடக்கு.

— நீடாமங்கலம் போனா ஒரு நிமிசத்துல வாங்கியாந்துடுவேன். இன்னிக்குப் பாத்துக் காவிரித் தண்ணி கேட்டுக் கடையடைப்பு. பெட்டிக்கடை கூடத் தொறக்கல.

— ஆத்துல தண்ணி வரலேன்னு ஊரு பூராக் கடையடைப்பு. நம்ம பாத்ரூம்ல மட்டும் வெள்ளம். நல்லா இருக்கு கதை. ஏங்க, இன்ஜினு எங்க கெடக்கு?

— எந்த இன்ஜினு?

— தண்ணி எறைக்கிற ஆயில் இன்ஜினு.

— கொட்டாயிலதான். ஆறே காய்ஞ்சு கெடக்கு, அது எதை எறைக்கும்?

— அதுல சூடு ஆத்துறதுக்குத் தண்ணி போகுமே, ஒரு கறுப்பு ரப்பர் ஓசு. அதைக் கழட்டியாங்க.

— ஏய், திடீர்னு தண்ணி தொறந்துட்டா நாத்தங்காலுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— தண்ணி வர்றப்பத் திருப்பி மாட்டிக்கலாம். இப்ப அகிலாண்டத்தம்மா வர்றாங்க. ஓடுங்க!

— இந்தா புள்ள, ஓசு. ஓடியாந்ததுல மூச்சு வாங்குது. கழட்டுறப்ப வெரலு நசுங்கிடுச்சு, பாரு.

— ஊதிக்குங்க. சாம்பாருக்குப் பக்கத்து அடுப்புல வெந்நி கொதிக்குது. ஓசோட முனைய அதுல முக்கியாங்க. ரப்பரு இளகுனாத்தான் பைப்பு மேல ஏறும்.

— முக்கியாச்சு. நகரு, நான் அடியில படுக்கிறேன்.

— உங்க தோளு அதுக்குள்ள நொழையாது. நான் படுக்கிறேன்.

— அடிப்பாவி, புதுச் சீலைடி!

— துவைச்சா அழுக்குப் போயிடும். குடுங்க, சூடு ஆறுறதுக்குள்ள குடுங்க. ஏறுது... ஏறுது... ஏறிடுச்சு! இன்னொரு முனைய இந்தச் செவத்துப் பைப்புல சொருகணும்.

— நேரா விடாத. சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள ஏறிடும். சாம்பார் வாசத்தை அது தின்னுடும்.

— தெரியுது. கீழ தொங்க விட்டு, மேல வளைச்சுக் கட்டுறேன். வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னா நாத்தம் தாண்டி வராது. கட்டுக்கம்பியக் குடுங்க. குறடு. அதில்ல, பெரிசு. இறுக்கிட்டேன். ஊத்துங்க.

— ஒரு செம்பு ஊத்துறேன். எப்படி இருக்கு?

— என் மூக்கு மேல சொட்டுது.

— போச்சு! வாளிதான் கதி.

— ஒண்ணும் போகல. மேல் கட்டுல கசியுது, அவ்வளவுதான். உங்க பழைய சைக்கிள் டியூப்புல ஒரு துண்டு நீளமா வெட்டிக் குடுங்க. இழுத்துச் சுத்தி அதுக்கு மேல கம்பியக் கட்டுறேன். ம்... இப்ப ஊத்துங்க. செம்பெல்லாம் வேணாம், வாளியோட ஊத்துங்க.

— வாளியோடவா? ஊத்திட்டேன்! அம்சம்? ஏய் அம்சம், என்ன சத்தத்தையே காணோம்?

— காய்ஞ்சு கெடக்குங்க! தடவித் தடவிப் பாக்குறேன், ஒரு பொட்டு ஈரம் இல்ல. தண்ணி ஓடுற சத்தம் கேக்குதா? மேட்டூரைத் தொறந்து விட்ட மாதிரி ஓடுது!

— ஆகா! தலைவரம்மான்னா தலைவரம்மாதான். உனக்கு மாலை போடணும்டி!

— மாலை கெடக்கட்டும், கையக் குடுத்து வெளிய இழுங்க.

— வர்றாங்க புள்ள! ஜன்னல்ல பாரு. வரப்புல நடந்து வர்றாங்க, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு.

— நடுக்கூடத்துல தலைவாழை எலையப் போடுங்க. நான் போயி அழைச்சுட்டு வர்றேன். வாங்கம்மா, வாங்க. உள்ள வாங்க.

— என்ன அம்சம், தலையெல்லாம் ஒட்டடை? சீலை வேற ஈரம்?

— கொஞ்சம் வேலையா இருந்தேங்க. உக்காருங்கம்மா, சாப்பிடலாம்.

— சாப்பாடெல்லாம் எதுக்கு? வரப்பு வெடிப்புல கால் மாட்டிக்கிச்சு, பாத்துக்க, வலி உயிர் போவுது. ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கெளம்புறேன்.

— அதெல்லாம் செல்லாதுங்க. எலை போட்டாச்சு.

— யாருக்கு, இந்த நடுக்கூடத்து எலை?

— உங்களுக்குத்தாங்க. வேற யாருக்கு? நீங்க சாப்பிட்டப்புறம்தான் நாங்க.

— எனக்கா? சரி... பரிமாறு.

— இன்னும் கொஞ்சம் மோரு ஊத்தட்டுங்களாம்மா?

— போதும்டியம்மா. வாழைப்பூ வடை அருமை. கை எங்க கழுவுறது, கொல்லையிலயா?

— இல்லீங்க. இப்படி உள்ள வாங்க, பேசின் இருக்கு. ஏங்க, லைட்டைப் போடுங்க.

— கொழாய நல்லாத் தொறந்து விடுங்கம்மா. இன்னும் நல்லா!

— ஏம்ப்பா சாமிதுரை, நான் கைகழுவுறேன், நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்கு என் காலையே பாக்குறீங்க? அது என்ன அடியில, இன்ஜின் ஓசு மாதிரி இருக்கு?

— இன்ஜின் ஓசேதாங்க! தலைவரம்மா படுத்துக்கிட்டுக் கட்டுனது. ஒரு சொட்டு கசியுதா பாருங்கம்மா, ஒரே ஒரு சொட்டு!

— கசியல. கெட்டிக்காரிதான். சரி அம்சம், விஷயத்துக்கு வருவோம். வயலோரமா சுத்திப் போற ரோட்டுக்கு ஒரு கீத்து நெலம் கேட்டிருந்த. எடுத்துக்க.

— அம்மா! உங்க குடும்பம் நல்லா இருக்கணும்மா!

— கொஞ்சம் இருங்க. அம்மா, நான் மாத்திக் கேக்குறேன்.

— ஐயோ, அம்சம், குடுக்கறப்ப வாங்கிக்க.

— வயலைச் சுத்தி வேணாங்க. வலி எடுத்த புள்ளத்தாச்சியத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் சுத்த முடியாது. உங்க தென்னந்தோப்பு வழியா நேரா வந்து மேலத்தெருவுல ஏறணும். எங்க கல்யாணமும் உங்க வாசலைத் தாண்டிப் போகணும், எங்க பொணமும் உங்க வாசலைத் தாண்டிப் போகணும்.

— மேலத்தெரு வழியாவா? என் பங்காளிங்க அருவாளைத் தூக்கிடுவானுவ, தெரியுமா?

— தெரியுங்க. தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— இவ வாயி நிக்காதும்மா. மனசுல வெச்சுக்காதீங்க. எங்களுக்கு வயலோரமே தாராளம்.

— நீ இருப்பா. அம்சம், நான் ஒண்ணு சொல்றேன், கேளு. எங்க வீட்டுக்காரரு போனதுலேர்ந்து மேலத்தெருவுல ஒரு வீட்டுலயும் எனக்குக் கூடத்துல எலை போட்டதில்ல, பாத்துக்க. கொழுந்தன் மவ கல்யாணத்துல கூட, தாலியறுத்தவ கண்ணுல படக்கூடாதுன்னு அடுப்பங்கரையில கடைசிப் பந்தி. நெலம் என்னுது, அவனுவ திங்கிற நெல்லு என்னுது, எலை மட்டும் கடைசி எலை. இன்னிக்கு நீ நடுக்கூடத்துல உக்கார வெச்சு மொத எலைய எனக்குப் போட்ட. அழுகைய அடக்கிக்கிட்டுத்தான் சாப்பிட்டேன்.

— அம்மா... நான் அதை நெனைக்கவே இல்லீங்க. நீங்க எங்க கைகழுவுவீங்கங்கிறதுதான் எனக்குக் கவலை.

— நெனைச்சுப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். தோப்பை எடுத்துக்க. நேராவே போடு.

— நெசமாவாம்மா? ஆனா... திங்கக்கெழமை சர்வேயரு அளக்க வர்றாரு. மேலத்தெருவுல அளவுச் சங்கிலியப் புடிக்கிறவன் கையையே வெட்டிடுவாங்களே. எங்க தெருவுல எந்தப் புள்ளைய நம்பி அந்தச் சங்கிலியக் குடுப்பேன்?

— உங்க தெருப் புள்ளைங்க யாரும் வேணாம் சாமிதுரை. ஒரு முனைய அம்சம் புடிக்கட்டும். மறு முனைய நான் புடிச்சுக்கிட்டு என் வாசப்படியில நிக்கிறேன்.