தானாக விட்ட கை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பட்டாசுத் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் மாவுக்கட்டு. மற்றவன் அவனைத் திட்டிக்கொண்டு வந்தான்.

"வீலிங் பழகுறவன் முன் சக்கரம் தூக்குனதும் ஹேண்டில விட்டுட்டு ஓடப் பாக்கலாமாலே? பைக்ல உக்காந்துக்கிட்டு எங்கன ஓடுவ?"

"நானா விடலலே. வெடிமருந்து ரூம்ல புஸ்ஸுன்னு சத்தம் கேட்டாலே கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடித்தானே பழக்கம்? வண்டி உறுமவும் கை தானா விட்டுருச்சு."

"விடாமப் பிடிச்சுப் பழகு. வீலிங் வந்துரும்."

"வந்துரும். அப்புறம் கம்பெனியிலயும் கை விடாது. அங்கன ஒரு தடவ விடாம நின்னா செத்தேன்."



"அப்ப வண்டிய வித்துரு."

"அதுக்குத்தான் போறேன். வாங்குறவன் ஆமத்தூர்ல இருக்கான். ஊரு வந்ததும் எழுப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.