வலது கடைவாய்ப் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, டாக்டர். காசு கொடுத்து வாங்கியதையாவது நம்பலாம். சும்மா வருவதைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கடுகு எங்கள் வீட்டுக்குச் சும்மா வந்த நாய். தங்கையின் அலுவலகத்தில் யாரோ வீடு மாற்றிப் போகும்போது ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். உருவத்தைப் பார்த்து அவள் பெயர் வைத்தாள். அவள் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே நான் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். சின்ன வாய்க்குள் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. கடைவாயில் மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது.

"இதுக்குப் பல்லு சரியில்ல," என்றேன்.

"உனக்கு யாரப் பாத்தாலும் பல்லுதான்க்கா கண்ணுக்குத் தெரியும்," என்றாள்.

உண்மைதான். நான் பல் செட் கட்டுகிறவள். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்குப் பல்லும் ஈறும் செய்து தருவது என் தொழில். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அந்தத் தொழிலில் வந்த காசில்தான் தங்கையைப் படிக்கவைத்தேன். அவளுக்கு நான் அக்கா என்பது பேச்சுக்குத்தான். மற்றபடி எல்லாமே நான்தான்.

கதவைச் சாத்திவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றீர்கள். வெளியே பெஞ்சில் தங்கை கடுகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்கிறேன். மறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடுகுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், ஞாபகம் இருக்கும். சின்ன நாய்களுக்குத்தான் பல் சீக்கிரம் கெடும், தினமும் வீட்டிலேயே துடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்றீர்கள். நாம் தேய்க்கிற பேஸ்ட் ஆகாது, நாய் துப்பாமல் விழுங்கிவிடும், அதற்கென்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்றீர்கள். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கச் சொன்னீர்கள். "வாயத் திறக்கவே வேண்டாம். உதட்டத் தூக்கினா போதும். பயம் காட்டாதீங்க, முடிஞ்சதும் பாராட்டுங்க." ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். அடுத்தமுறை வந்தபோது ஈறு நல்ல நிறமாக இருக்கிறது என்று சொல்லி, "உங்களுக்கு நல்ல கை" என்றீர்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அப்போதுதான் கடிகாரக்காரர் வர ஆரம்பித்தார்.

கடைத்தெரு முனையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். தங்கை தன் கடிகாரத்தைக் கொடுக்கப் போய், அது சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அவர் வீட்டுக்கே வந்தார். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார். அவருக்குத் தீராத மூக்கடைப்பு. கைக்குட்டையில் தைலத்தை விட்டு அதை மூக்கில் வைத்துக்கொண்டேதான் இருப்பார். அவர் போன பிறகும் அந்த வாசனை எங்கள் கூடத்தை விட்டுப் போகாது. முதல் நாளே, யாரும் கேட்காமல், எங்கள் சுவர்க்கடிகாரத்தைத் திருத்திவைத்தார். அது கொஞ்சம் முன்னால் ஓடும். தங்கை வேலைக்குத் தாமதமாகக் கூடாது என்று நானே அப்படி வைத்தது.

அவரிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். ஒரு மனிதர் எதற்காக இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும்? அச்சில் சின்னக் குமிழிகூட இல்லாமல் வந்தால் நான் அதை இரண்டுமுறை திருப்பிப் பார்ப்பேன். குறை இல்லாத வாய் கிடையாது. கடுகோ அவர் வந்ததும் ஓடிப்போய் அவர் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்துவிடும். தங்கைக்கு அது போதும்.

நாய் விஷயத்தில் அவளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஒருமுறை அடுப்பு சரிபார்க்க என்று ஒருவன் வந்தான். கடுகு அவனை வாசலைத் தாண்டவிடாமல் குரைத்தது. அவன் பக்கத்து வீட்டில் நகையோடு பிடிபட்டான். அன்றிலிருந்து, "மனுஷங்க ஏமாத்தலாம், நாய் பொய் சொல்லாது" என்பாள். அலுவலகத்தில்கூடச் சொல்லுவாள்.

முதல்முறை நடந்தது தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும். கடிகாரக்காரர் சோபாவில் ஒரு கைக்குட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தார். துவைத்தேன், வாசனை போகவில்லை. கடுகுக்குப் பல் துடைக்கிற துணிகள் எல்லாம் ஈரமாக இருந்தன. அந்தக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டேன். எதையோ கடித்து வலது கடைவாய் ஈற்றில் சிறியதாக ஒரு புண் இருந்திருக்கிறது. என் விரல் அதில் பட்டதும் கடுகு கத்திவிட்டது. அன்று மாலை கடிகாரக்காரர் குனிந்து கூப்பிட்டார். கடுகு சோபாவுக்கு அடியில் போய் உறுமியது.

நான் நாயைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரிக்க முயன்றாள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு மை விழுந்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு நடந்தது தற்செயல் இல்லை.

இடது பக்கத்துக்குப் பழைய மெல்லிய துணி. பேஸ்ட்டை நக்கக் கொடுத்து, கொஞ்சிப் பேசி, நீங்கள் சொன்னபடியே செய்வேன். வலது பக்கத்துக்குக் கைக்குட்டை. அழுத்தம் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான், விரல்நகம் பட்டும் படாமலும். என் தொழிலில் இது தினசரிச் சமாசாரம். பல் செட்டின் விளிம்பு அரிசி அளவு துருத்திக்கொண்டிருந்தால் போதும், ஈறு அதே இடத்தில் புண்ணாகிக்கொண்டே இருக்கும், ஆறாது, பெரிதாகவும் ஆகாது. புண்ணை ஆற்ற யாராலும் முடியும். அதை அப்படியே வைத்திருக்கத்தான் கை வேண்டும். முடிந்ததும் கைக்குட்டையை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பிஸ்கட் கொடுப்பேன். நாய் கையை மன்னித்துவிடும், வாசனையை மன்னிக்காது என்று எனக்குப் புரிந்திருந்தது. வாசனை குறையத் தொடங்கியபோது அதே தைலத்தில் ஒரு சீசா வாங்கிவந்தேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாள் என்று நினைக்கிறீர்கள். கிள்ளுகிறவள் பிள்ளைக்காகவே கிள்ளினால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஊசி போடுகிறபோது நீங்களும்தான் கத்தவைக்கிறீர்கள்.

அவரைப் பற்றி நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. தங்கையையே கேட்டுப் பாருங்கள். "நாய்க்கு என்ன தெரியும், பாவம், தங்கமான மனுஷன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அவருக்குப் பரிந்து பேசப்பேச அவளுக்குச் சந்தேகம் வளர்ந்தது. அவர் கடையைச் சாத்திய பிறகு எங்கே போகிறார் என்று கேட்க ஆரம்பித்தாள். அவர் கைபேசி ஒலித்தால் இவள் பேச்சு நின்றுபோகும். "நீங்க அதை எப்பவாவது அடிச்சீங்களா?" என்று ஒருநாள் என் எதிரிலேயே கேட்டாள். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "நானா?" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் நிஜமானது. சந்தேகப்படுகிறவர்களுக்கு நிஜமான வருத்தமும் நடிப்பாகத்தான் தெரியும்.

இதற்கு முன்னால் ஒரு வாத்தியாரும் வந்துகொண்டிருந்தார். அவர் ஏன் வராமல் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

கல்யாணத் தேதி பேச வந்த அன்று அவர் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தார். "இன்னிக்கு இவன்கிட்ட சமாதானம் ஆயிடணும்," என்று சொல்லித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது கையில் கைக்குட்டை, மூக்கில். வலது கையைக் கடுகின் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் தடுத்திருக்கலாம். பேச்சுக்கு, "வேண்டாம் தம்பி" என்றும் சொன்னேன். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். கடுகு அன்று குரைக்கவில்லை.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேருகிற இடம். நரம்பு போய்விட்டது என்றார்கள். சின்ன இடுக்கியைப் பிடித்துக் கடிகாரத்துக்குள் திருகாணி எடுக்கிற விரல்கள், இப்போது சட்டைப் பொத்தானே போடமுடியவில்லையாம். அது என் நோக்கத்தில் இல்லை. பயந்து அவர் ஒதுங்கினால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், டாக்டர். இவ்வளவு சின்ன நாய், அவ்வளவு ஆழமாகக் கடித்தது என்றால் பற்கள் எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும். வேறு வீடாக இருந்தால் இந்நேரம் பாதி கொட்டிப்போயிருக்கும்.

தங்கை அன்றே முடித்துக்கொண்டாள். அவர் கையில் கட்டோடு வாசலில் நின்றபோதுகூட அவள் வெளியே வரவில்லை. நாய் பொய் சொல்லாதல்லவா. அவர் போன பிறகு என் மடியில் படுத்து அழுதாள். "கடைசில நீதான்க்கா எனக்கு," என்றாள். அதைக் கேட்பதற்காக நான் எதையும் செய்யவில்லை. தனியாக இருக்கப் பயந்து செய்தேன் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் சுவர்க்கடிகாரத்தைப் பழையபடி முன்னால் ஓடவிட்டேன்.

பிறகு கடுகு ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். என்னிடம் சொல்லாமல் உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நீங்கள் உதட்டைத் தூக்கினீர்கள். பல் வரிசை முழுக்க முத்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் புண். முகர்ந்து பார்த்துவிட்டு, "வாயில யாரு தைலம் போடறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஆனால் தப்பாக. அங்கேயே நின்றபடி அவருக்குப் போன் போட்டு, வாயில்லாச் சீவனை என்ன செய்தாய் என்று கத்தியிருக்கிறாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் உங்க வீட்டுப் பக்கம் வந்து எத்தனை நாளாச்சு? புண்ணு புதுசுன்னு டாக்டர் சொல்றாங்கன்னு நீதானே சொன்ன?" என்றாராம். இதை அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் கடுகைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் வீட்டில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

அதனால் உங்கள் கேள்வி நியாயமானது. ஆள் போய்விட்டார், காரியம் முடிந்துவிட்டது, பிறகும் ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் அது புரிகிறது. ஆனால் அவர் பொறுமைசாலி. பொறுமைசாலிகள் திரும்பிவருவார்கள். அதற்குள் கடுகு மறந்துவிடக் கூடாது அல்லவா? ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை. வேலைமுடிந்து வந்து முகம் கழுவியதும் கை தானாக அந்த டப்பாவுக்குப் போய்விடும். கடுகும் குளியலறை முக்காலியில் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கும்.

என்னைக் கண்டதும் அது சொட்டுச் சொட்டாக மூத்திரம் போகிறது என்று தங்கை உங்களிடம் சொன்னாளாம். சந்தோஷத்தில் சில நாய்கள் அப்படிப் போகும் என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். நடுக்கமும் அப்படித்தான். பாசம் அதிகமானால் உடம்பு நடுங்கும்.

நீங்கள் ஏன் கதவுப் பக்கம் பார்க்கிறீர்கள்?

திறந்துதான் இருக்கிறது போலிருக்கிறது. நீங்கள் சாத்தியதாகத்தான் நினைத்தேன். வா, உள்ளே வா. எவ்வளவு நேரமாக நிற்கிறாய்? நாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் கை வலிக்காதா?

"அக்கா," என்கிறாள். கேட்டீர்களா டாக்டர், இப்போதும் அக்காதான். "அந்த வாத்தியாரையும் நீதானா?"

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம், கண்ணு.

"நான் வீட்டுக்கு வரல."

கோபத்தில் சொல்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், பசித்தால் வந்துவிடுவாள். அவள் இருக்கட்டும், நீங்கள் கடுகைப் பாருங்கள். நான் வெறும் கையைத்தான் நீட்டுகிறேன். துணி இல்லை, தைலம் இல்லை. கூப்பிடக்கூட இல்லை. வாயைத் திறக்கவே வேண்டாம், உதட்டைத் தூக்கினால் போதும் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். பாருங்கள், என் கையைப் பார்த்ததும் அதுவாகவே கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு அகலமாக வாயைத் திறக்கிறது. அன்பு இல்லாமல் ஒரு நாய் இப்படிச் செய்யுமா, டாக்டர்?