இரவல் நாக்கு

பேரீச்சம்பழத்தை வெறும் வயிற்றில் ருசி பார்க்கக் கூடாது, சேது சார். ஒரு துண்டு குப்பூஸ் ரொட்டி தின்று, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் பழத்தைத் தொட வேண்டும். பசியோடு வருகிறவனுக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் அபுதாபியிலிருந்து ஒரே மூச்சில் காரோட்டி வந்திருக்கிறீர்கள். முதலில் டீயைக் குடியுங்கள். தட்டில் பொன்னிறமாக இருப்பது கலாஸ், கருப்பாக இருப்பது ஃபர்த். இரண்டும் இந்தத் தோட்டத்தில் காய்த்ததுதான்.

நான் நடந்துகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூலையிலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. ஸ்டோருக்குள் இருந்தால் தோப்புக்குப் போகத் தோன்றும், தோப்புக்குப் போனால் எதையோ பூட்டாமல் வந்துவிட்ட மாதிரி இருக்கும், திரும்பி வந்துவிடுவேன். கார்மேகத்தின் தகப்பனார் கோபாலசாமி சொல்வது நிஜமா பொய்யா என்று கேட்கத்தானே தமிழ்ச் சங்கத்திலிருந்து உங்களை அனுப்பியிருக்கிறார்கள். பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

நான் குளச்சல்காரன். ருவைஸ் ரிஃபைனரியில் காண்டிராக்ட் வேலைக்கு வந்தேன். அது முடிந்ததும் லிவாவிலுள்ள இந்தத் தோட்டத்துக்கு ஸ்டோர் கீப்பராக வந்தேன். வந்த புதிதில் ஒரு நாள், அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, விருந்தாளிகளுக்கு வைத்த தட்டில் இரண்டு வரிசைப் பழம் கலந்திருப்பதாகச் சொன்னேன். ஒன்று கிணற்றோரத்து மரம், மற்றது மணல்மேட்டை ஒட்டிய மரம். முதலாளிக்கு நம்பிக்கையில்லை. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தார். நான் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நேசையன் என்ற பெயரை விட்டுவிட்டு ‘லிசானி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ‘என் நாக்கு’ என்று அர்த்தம். மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், பெரிய மனிதர்கள் இருக்கும்போதும் விரிப்பில் தன் பக்கத்தில் என்னை உட்காரச் சொல்வார். எந்த மரத்துப் பழம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், ஜூலையில் நடக்கும் பேரீச்சம்பழப் போட்டிக்கு எந்தக் குலையை அறுக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்வதுதான். ஊரில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை, சார். குழம்புக்கு உப்பு போதுமா என்று என் மனைவி சுகிர்தராணிகூடக் கேட்டதில்லை.

உங்களுக்கு எல்லாம் ஒரே பேரீச்சம்பழமாகத் தெரியலாம். பர்ஹியை மஞ்சளாக இருக்கும்போதே கடிக்க வேண்டும், கரும்பின் நுனிபோல நறுக்கென்று இருக்கும். குனைஸி முதல் கடியில் துவர்க்கும், பொறுத்தால் தித்திக்கும். லுலு வாயில் வைத்ததும் கரைந்துவிடும், நினைவில் நிற்காது. கலாஸ்தான் ராஜா. அதிரசப் பாகு பதத்துக்கு வரும்போது ஒரு வாசனை எழும்புமே, அது. அதிலும் உப்புத் தண்ணீர் ஏறிய வரிசையில் பழம் சின்னதாக இருக்கும், ருசி கனமாக இருக்கும். போட்டிக்கு அனுப்புவது முழுதாகப் பழுக்காத, பாதி இளகிய பழம். ஒரு நாள் முந்தினால் துவர்ப்பு, ஒரு நாள் பிந்தினால் குழைவு. அந்த நாளைச் சொல்வதற்குத்தான் நாக்கு வேண்டும்.

போன குளிர்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது மணத்தையும் கொண்டு போய்விட்டது. தித்திப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது, மற்றது ஒன்றுமில்லை. கலாஸைத் தின்றாலும் லுலுவைத் தின்றாலும் சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய பஞ்சைத் தின்பதுபோல இருந்தது. ஏலக்காயைக் கடித்துப் பார்த்தேன், கிராம்பைக் கடித்துப் பார்த்தேன், டீசல் கேனைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். அர்பாபிடம் சொல்லவில்லை. பழம் வர ஜூன் ஆகும், அதற்குள் சரியாகிவிடும் என்று இருந்தேன். சரியாகவில்லை.

கார்மேகம் இந்தத் தோட்டத்தில் மரமேறி. கமுதிப் பக்கம். ஒரு லீவில் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பியிருந்தான், அடுத்த லீவு முடிந்து வந்தபோது மனைவி ராக்கம்மா உண்டாகியிருந்தாள். சீசன் தொடங்கிய ஒரு காலையில் நான் ஸ்டோர் வாசலில் நின்று ஒரு குனைஸியை மென்றுகொண்டிருந்தேன். அவன் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி, துப்புங்க. அது புளிச்சுப் போச்சு. இங்க வரைக்கும் வாடை வருது. ஒங்களுக்குத் தெரியலையா?”

நான் விழுங்கிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நான் தின்னு பாத்து ஒங்கள்ட்ட சொல்றேன். நீங்க அர்பாப்ட்ட சொல்லுங்க. அம்புட்டுத்தான.”

அந்த இரக்கம் என்னைக் குத்தியது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தினமும் காலையில் அவன் மரத்தின் மேலிருந்தே ஒவ்வொரு குலையிலும் ஒன்றைத் தின்பான், இறங்கி வந்து சொல்வான். அவனுக்கு என்னுடைய சொற்கள் தெரியாது. அதிரசம் என்பான், சுட்ட பனங்கிழங்கு என்பான், மழை பெய்த மண் என்பான். நான் அதை அரபியில் அர்பாபுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வேன். என் நாக்கு திரும்பி வந்துவிட்டது, வேறொருவன் வாயில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருப்பது ஜூன் கடைசியில்தான் தெரிந்தது. ராக்கம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று ஊரிலிருந்து போன் வந்தது. அவனைக் கூப்பிட்டுப் பேசவிட்டேன். மறுநாள் அவன் மரத்திலிருந்து இறங்கி, எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது என்றான். ஏதோ ஒரு வரிசையைக் காட்டினான். அதைத்தான் அறுத்து அர்பாபின் மாமனார் வீட்டுக்கு அனுப்பினோம். துவர்க்கிறது என்று கூடையோடு திருப்பிவிட்டார்கள். அன்று மஜ்லிஸில் அர்பாப் தன் பக்கத்து இடத்தைக் காட்டவில்லை. நான் வாசலருகே நின்றுகொண்டிருந்தேன்.

மனக்கவலை வந்தால் நாக்கு செத்துவிடும், சார். துக்க வீட்டில் யாருக்காவது சாப்பாடு ருசித்திருக்கிறதா? ஆகவே அவனுக்குக் கவலை வராமல் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. இந்தப் பள்ளத்தில் மொபைலுக்குச் சிக்னல் கிடையாது. ஊரிலிருந்து வருவதெல்லாம் ஸ்டோரிலுள்ள லேண்ட்லைனுக்குத்தான். வந்தால் அவன் மரத்தில் இருக்கிறான் என்பேன், சொல்லிவிடுகிறேன் என்பேன். வெள்ளிக்கிழமை அவன் போன் கார்டை எடுத்துக்கொண்டு பேச வரும்போது லைன் சரியில்லை என்பேன். ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் போதும். பொய் என்று இதைச் சொல்ல மாட்டேன். போட்டி முடியும்வரை செய்தியைத் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான். அவன் முகம் வாடினால் நானே கூப்பிட்டு, இப்போதுதான் உன் வீட்டிலிருந்து பேசினார்கள், எல்லாரும் சுகம் என்பேன். அவனும் சிரித்துக்கொண்டே ஏறுவான். அந்த நாட்களில் அவன் நாக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை முதல் வாரம் ராக்கம்மாவே பேசினாள். தலை வலிக்கிறது, நர்ஸம்மா மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள், மாமா தயங்குகிறார் என்றாள். அவள் மாமனார் கோபாலசாமியின் மனைவி அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவள். அதனால் அவருக்கு அந்த ஊர்ப் பெயரே ஆகாது. “அவுக சொன்னாத்தான் மாமா கேப்பாக. ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கண்ணே.” நான் சொல்கிறேன் என்றேன். அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் கோபாலசாமி பேசினார். குறை மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது, ராக்கம்மா இல்லை என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஜன்னி கண்டுவிட்டதாம். அவர் அழுது முடிக்கும்வரை ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். கார்மேகம் கேட்டதும் மயங்கிவிட்டான், பேசுகிற நிலையில் இல்லை, சீசன் முடியாமல் அர்பாப் பாஸ்போர்ட் தரமாட்டார், ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று சொன்னேன். பிறகு தோப்புக்குப் போனேன். அவன் கிழக்கு வரிசைக் கலாஸில் உட்கார்ந்து ஒரு பழத்தைக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான். இன்னும் ரெண்டு நாள் விடணும் அண்ணாச்சி என்று மேலிருந்து சொன்னான்.

சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொன்னால் இறந்தவள் எழுந்து வரப்போவதில்லை. சொல்லாவிட்டால் அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் சந்தோஷம். எந்தப் பக்கம் யோசித்தாலும் சொல்லாமல் இருப்பதுதான் சரியாகப் பட்டது.

அதற்கப்புறம் நலம் விசாரிப்பதோடு நிறுத்த முடியவில்லை. அவன் ராக்கம்மாவைப் பற்றி அதிகம் கேட்க ஆரம்பித்துவிட்டான். மாங்காய் தின்றாளாம், தூக்கமில்லையாம், பிள்ளை உதைக்கிறதாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அவள் பேசுவது மாதிரி இருந்தது. போட்டியில் எங்கள் கலாஸுக்கு முதலிடம். நடுவர்கள் முன்னால் அர்பாப் என்னைக் கட்டிப்பிடித்து லிசானி என்றார். கார்மேகம் கூட்டத்தின் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். எனக்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை.

போட்டி முடிந்ததும் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அர்பாப் அடுத்ததாக வீடுகளுக்கு அனுப்பும் பழத்தைத் தேர்வு செய்யச் சொல்லிவிட்டார். அதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ருவைஸிலிருந்து வீரபாண்டி வந்தான். கார்மேகத்தின் ஊர்க்காரன், பிளாண்டில் வெல்டர். துக்கம் கேட்க இவ்வளவு தாமதமாக வந்ததற்கு மன்னித்துக்கொள் என்று சொல்லி அவன் தோளில் கைவைத்தான். எந்தத் துக்கம் என்று கார்மேகம் கேட்டான். நான் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவன் என்னை அடிக்கவில்லை. உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றான். கையில் மரமேறும் கயிறு அப்படியே இருந்தது.

“போன வாரம் சொன்னீங்களே அண்ணாச்சி, பிள்ள உதைக்குதுன்னு. அது யாரு சொன்னது?”

அவன் இன்னொரு தடவை கேட்டான், அதே குரலில். பிறகு வீரபாண்டி அவனைக் கூட்டிக்கொண்டு போனான். பாஸ்போர்ட்டை அர்பாப் அன்றைக்கே கொடுத்துவிட்டார். கேட்டிருந்தால் ஜூலையிலேயே கொடுத்திருப்பேனே என்று என்னைக் கடிந்துகொண்டார். செய்தியை மறைத்தது பாவம் என்றார். ஆனால் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுக்க முடியாது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் கேட்க வந்தது வேறு. ஊருக்குப் போன கார்மேகம், என் பெண்டாட்டியை ஏன் மதுரைக்குக் கொண்டுபோகவில்லை என்று தகப்பனைக் கேட்டான். நீதானே வேண்டாம் என்று சொல்லியனுப்பினாய் என்றார் அவர். செய்த தப்பை மறைக்கக் கிழவன் என் தலையில் கட்டுகிறான் என்று அவரை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான். பேத்தியைத் தொடவிடவில்லை. எழுபது வயது மனிதர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடக்கிறார், போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் மகன் சொல்லித்தான் பொறுத்தேன் என்று சத்தியம் செய்கிறார் என்கிறீர்கள்.

ஜூலையில் ராக்கம்மா பேசிய மறுநாள் காலையில் கோபாலசாமி பேசினார். வாசலில் வண்டி நிற்கிறது என்றார். “மருமகளுக்குக் கண்ணு மங்குதுங்கிறா. எனக்கு ஒன்னும் ஓடல. மதுரைக்குக் கொண்டு போகவா வேணாமான்னு அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கய்யா. போன்னா இப்பவே போறேன்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார்மேகம் மரத்தில் இருந்தான், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டால் இறங்கி வருவான், பேசுவான், சாயந்திரமே ஊருக்குப் போக வேண்டும் என்று அர்பாபின் காலில் விழுவான். போட்டிக்குரிய கலாஸ் அப்போதுதான் இளக ஆரம்பித்திருந்தது. போகச் சொன்னான் என்று நானே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தால் தினம் பத்துப் போன் வரும், சார். ஊரே பேசும், ருவைஸ் வரை செய்தி வந்துவிடும். நான் எத்தனை தடவைதான் ஒயரைத் தளர்த்துவது. ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, கேட்டுவிட்டு வருகிற நேரத்துக்கு இங்கேயே நடந்தேன். பிறகு எடுத்தேன்.

“கேட்டாச்சு பெரியவரே. பொறுக்கச் சொல்லுகான். லேசான வீக்கந்தானாம், மதுரைக்கெல்லாம் கொண்டு போண்டாம்னு சொல்லுகான்.”

“அவன் வாயாலயே சொன்னானாய்யா?”

“அவன் வாயாலதான்.”

ஆகவே பெரியவர் சொல்வது உண்மை. அவர் ஒரு எழுத்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண் மங்குகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் மகள் நர்ஸிங் படித்தவள், லீவில் போயிருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் சொல்வாள். தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தகப்பனும் மகனும் சேர்ந்துகொள்ளட்டும். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

கார்மேகம் காலையிலிருந்தே குடிக்கிறான் என்று சொன்னீர்கள். அதை மட்டும் எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள், சார். அர்பாப் அவனுக்கு விசா தயாராக வைத்திருக்கிறார், ஜூனில் பழம் வந்துவிடும். தொடர்ந்து குடித்தால் அந்த நாக்கு கெட்டுப்போகும்.