இரண்டாயிரம் நீல அட்டைகள்

வால்தெமார்: ...சிரிச்சுக்கிட்டே கேக்குறான்டி, நாஹிர்! "என்னய்யா, மொலினோ கிளப்புக்கு நீல அட்டையா? அதுவும் ரெண்டாயிரமா?"ன்னு. அட்டைக் கடை எஃப்ரைன்தான். என் மானமே போச்சு.

நாஹிர்: நீலமா? நான் சிவப்புதானே போட்டு...

வால்தெமார்: நீலம்! ரிபேராக்காரன் சட்டை நீலம்! நாளைக்கு மூணு மணிக்கு அவனுங்களோடதான் மேட்ச். நம்ம ஆளுங்க மொத்தப் பேரும் ஒரே நேரத்துல அட்டையைத் தூக்குவாங்க. நம்ம பக்கத்துல எதிராளி கொடி தெரியும். அப்புறம் இந்த பய்சாந்தூ ஊர்ல நான் ரொட்டி வாங்கக்கூட வெளிய போக முடியாது.

நாஹிர்: கத்தாத. வெட்ட ஆரம்பிச்சுட்டாரா?

வால்தெமார்: இல்ல. ஒரு மணிக்குக் கடை சாத்துறான். அதுக்குள்ள புதுக் கணக்கு போகலேன்னா நீலத்தையே வெட்டிடுவானாம். அவனும் ரிபேரா ஆளு, சும்மா கேட்டாக்கூட வெட்டித் தருவான்!

நாஹிர்: இப்ப மணி?

வால்தெமார்: பன்னெண்டே முக்கால்.

நாஹிர்: தள்ளு. லேப்டாப் பக்கத்துலருந்து அந்த மாத்தே டீக் குவளையை எடு முதல்ல... ஐயோ.

வால்தெமார்: என்ன ஐயோ?

நாஹிர்: சிவப்பு வர வேண்டிய எல்லாக் கட்டமும் நீலம்தான்.

வால்தெமார்: ஒரு சீட்டுக்கு ஒரு கட்டம், நிறத்தை எக்ஸெல்ல இருக்கற மேக்ரோ ப்ரோகிராமே பூசும், எத்தனை அட்டைன்னு அதுவே எண்ணும், நீ சும்மா உக்காருன்னு சொன்னது யாரு?

நாஹிர்: நான்தான். போதுமா?

வால்தெமார்: நிஜமாச் சொல்லு, நீ ரிபேரா அனுப்பிச்ச உளவாளிதானே?

நாஹிர்: யாரு... நானா? பேச்சைப் பாரு. தொந்தரவு பண்ணாம இரு, பாத்துக்கிட்டிருக்கேன்ல.

வால்தெமார்: வெள்ளை மட்டும் ஒழுங்கா வந்திருக்கு, பாரு. நடுவுல வர்ற கிளப் பேரு எழுத்தெல்லாம் வெள்ளை.

நாஹிர்: வெள்ளை ஒழுங்கா... இரு, இரு. போன வருஷம் என்ன நிறம் போட்டோம்?

வால்தெமார்: ஊர்த் திருவிழாக் கொடி. பச்சையும் வெள்ளையும்.

நாஹிர்: அடச்சே! புரிஞ்சுபோச்சு!

வால்தெமார்: எனக்குப் புரியலையே.

நாஹிர்: நம்ம சிவப்பை D91A20-னு எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு ரெண்டா பிரிச்சுக்கோ. முதல் ரெண்டுல சிவப்பு எவ்வளவு, நடுவுல பச்சை எவ்வளவு, கடைசியில நீலம் எவ்வளவு. மேக்ரோ அதைக் கடைசியிலருந்து எடுத்துக்கும். நம்ம சிவப்பு போய் நீலத்துல உக்காந்துடுச்சு.

வால்தெமார்: அப்போ வெள்ளை?

நாஹிர்: வெள்ளையில மூணும் ஒரே அளவு. பச்சைக்கு நடுவுல இருக்கறதுதான் கணக்கு. எப்படித் திருப்பினாலும் அது ரெண்டும் மாறாது. போன வருஷம் நான் தப்பிச்சதே அதனாலதான்.

வால்தெமார்: சரி, கையாலயே மாத்திடலாமா? நீ ஆயிரம், நான் ஆயிரம்...

நாஹிர்: உன் கை மாத்தே ஊத்தத்தான் லாயக்கு. மூணாப் பிரிச்சு, ஒண்ணையும் மூணையும் இடம் மாத்தணும். ரெண்டு வரி வேலை. இந்தா... ஓட்டுறேன்.

வால்தெமார்: நாஹிர்...

நாஹிர்: என்ன?

வால்தெமார்: எல்லாம் கறுப்பாயிடுச்சு.

நாஹிர்: இரு, எங்க தப்புன்னு பாக்குறேன்.

வால்தெமார்: நாளைக்கு மேட்சா, சாவு வீடா?

நாஹிர்: வாயை மூடு! எழுத்தா இருக்கறதை எண்ணா மாத்த மறந்துட்டேன், அவ்வளவுதான். மணி?

வால்தெமார்: பன்னெண்டு அம்பது. எஃப்ரைன் கூப்பிடுறான். எடுக்கட்டா?

நாஹிர்: எடுத்து ஏதாவது பேசிக்கிட்டே இரு!

வால்தெமார்: ஹலோ, எஃப்ரைன்... ஆமா ஆமா... சாப்பிட்டாச்சா? என்ன சாப்பாடு? அப்படியா... வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ...இல்லய்யா, சும்மாதான் கேக்குறேன்...

நாஹிர்: சிவப்பு! வால்தெமார், சிவப்பு வந்துடுச்சு! இங்க பாரு!

வால்தெமார்: எஃப்ரைன், உன் நீலத்தை நீயே வெச்சுக்க! இப்ப வருது பாரு, செக்கச் செவேல்னு!

நாஹிர்: அனுப்பிட்டேன். ரெண்டாயிரம் சிவப்பு, எழுத்துக்கு வெள்ளை தனி. என்ன சொல்றாரு?

வால்தெமார்: வெட்டுறானாம். குரலே செத்துப்போச்சு பாவம். ஏய், வா இங்க, உன்னைத் தூக்கிச் சுத்தணும்போல இருக்கு!

நாஹிர்: விடுடா, லேப்டாப் விழப்போகுது! ...வால்தெமார்.

வால்தெமார்: ம்?

நாஹிர்: ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

வால்தெமார்: இந்த சந்தோஷத்துல எவனுக்குக் கோவம் வரும்?

நாஹிர்: எங்க வீடு... முழுக்க ரிபேரா. அப்பா, அண்ணனுங்க, எல்லாரும். பூனை கழுத்துலகூட நீலப் பட்டைதான். ரெண்டு வருஷமா உன்னை வீட்டுக்குக் கூப்பிடாம இருந்தது அதனாலதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லேன்னு சொன்னதெல்லாம் பொய். ஆனா இந்த நீலம் நான் வேணும்னு பண்ணதில்ல, சத்தியமா. ஏதாவது பேசேன். பயமா இருக்கு.

வால்தெமார்: போன ஞாயித்துக்கிழமை நீ ஊர்ல இல்லாதப்ப உங்க அப்பாவைப் பாத்து நம்ம கல்யாணத்தைப் பேசிட்டு வந்துட்டேன். அவரு சரின்னுட்டாரு... ஆனா ரிபேரா சட்டையை மாட்டினாத்தான் வாசல்படி ஏறலாம்னாரு. மாட்டிட்டேன் நாஹிர், போட்டோவும் எடுத்துட்டாரு. நம்ம கிளப் பசங்க காதுல மட்டும் போட்டுடாத!